நெல் ஒட்டிய நீலம்

"முகம் வேண்டாம், படம் போதும்."

புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுக்கார மதாமுக்கு ஆதிலட்சுமி எழுதிய கடிதத்தில் நிபந்தனை என்று இருந்தது இந்த ஒன்றுதான். மதாமும் சம்மதித்துப் பதில் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை, கடற்கரையை ஒட்டிய மதாமின் வீட்டுக் கூடத்தில் ஆதிலட்சுமியின் ஆறு ஓவியங்களையும் மாட்டப்போகிறார்கள். இன்று வெள்ளி. உச்சிவேளைக்கு வண்டி வந்துவிடும்.

போன வாரம் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். ஆதிலட்சுமி குருவிநத்தத்துப் பெண். 1922-ல், பதினேழு வயதில், ஆலை இன்ஜினீயர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கப்பலேறிப் பாரீசுக்குப் போனவள். பிள்ளைகள் வளர்ந்து அந்த வேலை போனதும், அவளுடைய உயரத்தையும் கழுத்தையும் பார்த்து ஒரு பெரிய துணிக்கடைக்காரன் கடிதம் போட்டு அழைத்துக்கொண்டான். புதுப்புது உடுப்பாகப் போட்டுக்கொண்டு பணக்காரச் சீமாட்டிகள் முன்னால் நடந்து காட்ட வேண்டும். அங்கே அதற்கு 'மன்னெக்கேன்' என்று பெயர். எட்டு வருஷம் நடந்தாள். அவள் பெயர் அவர்கள் வாயில் நுழையாததால் 'அதிலா' என்று சுருக்கிவிட்டார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. ஒரு நாள், போதும் என்று நிறுத்திவிட்டு வர்ணமும் தூரிகையும் வாங்கினாள். தாயார் இறந்த சேதி கேட்டு மூன்று வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. "எந்தங்கச்சி கன்னிமார் மடத்துல தையல் வேலை செஞ்சா" என்று அண்ணன் சிங்காரவேலு சொல்லி வைத்திருக்கிறார். ஊர் அதைப் பாதி மனதோடு நம்புகிறது. அவருடைய மகள் ஜெயாவுக்குப் பதினெட்டு முடிந்தும் வரன் தகையவில்லை என்றால் மீதிப் பாதி மனதுதான் காரணம். இப்போதுதான் பூரணாங்குப்பத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கு நகை கேட்டு வாங்கிவர சிங்காரவேலுவின் மனைவி மண்ணாடிப்பட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

ஆதிலட்சுமியின் ஓவியங்களில் மனிதர் கிடையாது, மாடு கிடையாது, மரம் கிடையாது. நீலம் இருக்கும். அதைக் குறுக்கே அறுத்துக்கொண்டு செம்மண் நிறம் ஒன்று போகும். எங்கேயோ ஒரு மூலையில் சுண்ணாம்பு வெள்ளை.

"இதுல இன்னா இருக்குது?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. அவள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வாள்.

"எட்டு வருசம் என்னையே பாத்தாங்க. பாக்கறதுக்கு யாருமே இல்லாத ஒண்ணைச் செய்யணும்னு எனக்கு ஆசை."

கேட்டவர்களுக்கு அதுவும் புரிந்ததில்லை.

தை மாதத்தில் மழை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. விடிந்ததும் ஆதிலட்சுமி கோணியும் கயிறும் வாங்கப் பாகூர்க் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். கடை திறக்கும் நேரத்துக்குச் சரியாக மழை பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம்தான் பெய்தது. ஆனால் ஆவணியில் பெய்ய வேண்டியதையும் சேர்த்துப் பெய்தது. நனைந்த கோணியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது.

அவள் இருப்பது வீட்டில் அல்ல. களத்தை ஒட்டி, முன்பு கரும்புப்பால் காய்ச்சிய கொட்டகையில். நாலு வருஷமாக அங்கே கொப்பரை ஏறவில்லை. படுக்கை, தகரப்பெட்டி, வர்ணக் குப்பிகள் எல்லாம் அதற்குள்தான். சுருட்டிக் கட்டுவதற்காக ஆறு ஓவியங்களையும் சட்டத்திலிருந்து கழற்றித் தரையில் விரித்து வைத்திருந்தாள்.

இப்போது தரையில் ஓவியங்கள் இல்லை. ஈர நெல் பரப்பியிருந்தது. நடுவில் ஜெயா நின்றிருந்தாள். தாவணியைச் சரியாகக்கூடச் செருகாமல், ஏதோ பதற்றத்தில்.

"படமெல்லாம் எங்கடி?"

"அப்பா எடுத்துக்கினு போயிட்டாரு அத்தே. களத்துக்கு."

"களத்துக்கா?"

"என்னை இந்த நெல்லுக்குக் காவல் வச்சிட்டுப் போயிட்டாரு. நான் சொன்னேன் அத்தே. கேக்கல."

ஆதிலட்சுமி கோணியைப் போட்டுவிட்டு ஓடினாள். களத்துக்குள் செருப்போடு கால் வைக்கக்கூடாது என்று சின்ன வயதில் தாயாரிடம் எத்தனை அடி வாங்கியிருக்கிறாள். இன்று செருப்பு காலில் இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

களத்தின் நடுவே நெல் அம்பாரம். மேலே இரண்டு ஓலைப்பாய், மீதி இடமெல்லாம் அவளுடைய துணிகள். ஓரத்தில் செங்கல்லை வைத்து அழுத்தியிருந்தார்கள். பக்கத்தில் சிங்காரவேலு, தலையில் நனைந்த துண்டும் முகத்தில் பெருமையுமாக.

"ரெண்டு கூடைதான் நனைஞ்சுது ஆதி. மீதியில ஒரு மணி நனையல!"

"அண்ணே, அது என் படம்."

"தெரியாமலா இருக்கேன்? காடாத் துணியில எண்ணெய் ஏத்தி வச்சிருக்கியே, ஒரு சொட்டு எறங்குமா? ஆனா உன் சாயத்துக்கு ஒரு கேடும் வர விடல நான். நல்லாப் பாரு. சாயம் கீழ, வெறுந்துணி மேல. மழை உன் படத்து மேல படவே இல்லமா."

அவர்மேல் கோபப்படுகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும். களத்தில் நெல்லைக் கொட்டி வைத்திருக்கும்போது மழையைக் கண்ட குடியானவன், கையில் கூறைப்புடவை அகப்பட்டாலும் அதைத்தான் விரிப்பான். அந்த அவசரத்திலும் தங்கையின் சாயம் கரைந்துவிடக்கூடாது என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டிருக்கிறார் மனிதர். அவருக்குத் தெரிந்த அக்கறை அவ்வளவு.

ஆதிலட்சுமி செங்கல்லை நகர்த்தி ஒரு துணியின் முனையைத் தூக்கினாள். அது லேசில் வரவில்லை. பிரிந்து வந்தபோது நீலத்தைக் காணோம். நெல்தான் இருந்தது. தடிப்பாக வர்ணம் பூசிய இடத்திலெல்லாம் மணி மணியாகப் புதைந்து, இடையிடையே வைக்கோல் துரும்பும் தூசியுமாக.

சிங்காரவேலுவின் முகத்தில் பெருமை நின்றுபோயிற்று.

"காஞ்சிருக்கும்னு நெனச்சேன். ஒரு வாரமா விரிச்சி வச்சிருந்தியே."

"சுண்ணாம்பா அண்ணே, மறுநாளே காய? மேல காஞ்சாலும் உள்ள காய மாசக்கணக்காவும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று அவள் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. அழவுமில்லை. ஆறையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். அவள் பின்னாலேயே அவரும் நடந்தார்.

கதிரடிக்க வந்திருந்த காசம்மாளும் கூட வந்தாள். நெல்லை எடுத்துப் பார்க்கலாம் என்று அவள்தான் முதலில் குந்தினாள். நகத்தால் ஒரு மணியைக் கிள்ளி எடுத்துத் தூக்கிப் போடப் போனவள், கையை மடக்கிக்கொண்டாள்.

"சாயத்தோட இருந்தாலும் நெல்லை எறியக்கூடாது சின்னம்மா. ஒரு மொறம் குடுங்க."

ஜெயா முறத்தைக் கொண்டுவந்தாள். நாலு பேரும் ஒரு துணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நீல நெல்லும் செம்மண் நிற நெல்லும் முறத்தில் சேர்ந்தது. ஒரு சாண் அகலம் சுத்தம் செய்த பிறகு ஆதிலட்சுமி அவர்களை நிறுத்தினாள்.

மணி எடுத்த இடத்திலெல்லாம் குழி. அம்மை வார்த்த முகம்போல் ஆகியிருந்தது அந்த நீலம்.

"போதும். எடுத்தா இன்னும் கெடுது. அப்படியே இருக்கட்டும்."

"அப்படியே எப்பிடிம்மா அனுப்புவே?" என்றார் சிங்காரவேலு. "நான் வேணா மதாமுக்கு ஆள் விட்டு, என் தப்புன்னு சொல்லச் சொல்றேன்."

"துரும்பை மட்டும் எடுங்க. நெல்லு இருக்கட்டும்."

அவர் குனிந்து துரும்பு பொறுக்கினார். வெகுநேரம் பொறுக்கினார். மூன்று வருஷத்தில் தங்கை வரைந்ததை அவர் இத்தனை கிட்டத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"இத்தினி நாளு இதுல எனக்கு ஒண்ணுமே தெரியல. இப்ப நம்ம நெல்லு தெரியுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து வந்த கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். கையிலிருந்த நீலம் கன்னத்தில் ஏறியது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கூண்டு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் நாகராஜன். மதாமின் வீட்டுக் காரியங்களைப் பார்க்கிறவர். வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, காலில் புதுச் சேறு. ஆதிலட்சுமியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"போன்ழூர் மதாம். எல்லாம் தயாரா? ஊரே பேசிக்கிட்டிருக்கு. அஃபீஷ் ஒட்டியாச்சு."

"அஃபீஷா? சுவர்ல ஒட்டறதா?"

"ஆமா. நூறு அடிச்சோம்."

கக்கத்திலிருந்த காகிதச் சுருளைப் பிரித்தார்.

தங்க நிற உடுப்பில் ஒரு பெண் நின்றிருந்தாள். தோள் திறந்திருந்தது. மோவாயைச் சற்றே தூக்கி, எதிரில் இருப்பவரைத் தாண்டி எங்கோ பார்த்தாள். இருபத்திரண்டு வயது ஆதிலட்சுமி. தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் அதிலா. அதன் கீழே, 'பாரீஸ் கண்டு வியந்த இந்திய அழகி, நேரில்.' ஓவியத்தைப் பற்றிய சேதி ஒரு வரி, எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு எழுத்தில்.

சிங்காரவேலுவுக்குப் பிரெஞ்சு தெரியாது. முகம் தெரியும். தங்கை பாரீசில் உடுப்புப் போட்டு நடந்தாள் என்று அவருக்குச் சொல்லியிருந்தாள்தான். ஆனால் சொல்லிக் கேட்பதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றா? அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கெல்லாம் ஒட்டினீங்க?" என்றார்.

"வில்லியனூர்ல நேத்தே ஒட்டியாச்சு. இன்னிக்கு வர்ற வழியில தவளக்குப்பம், பூரணாங்குப்பம், அப்புறம் பாகூர் முனிசிபல் மேரி ஆபீஸ் சுவத்துல ரெண்டு."

பூரணாங்குப்பம் என்ற பெயரைக் கேட்டதும் சிங்காரவேலு கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை வரவேண்டியவர்கள் இனி வருவார்களா? ஆதிலட்சுமி அண்ணனைப் பார்க்கவே பயந்தாள். ஆனால் அவர் திரும்பியது நாகராஜன் பக்கம்.

"மூஞ்சி வாணாம்னு எந்தங்கச்சி எழுதியிருந்தாளே. அதைப் படிச்சிட்டும் இப்பிடிப் பண்ணா அவங்க இன்னாய்யா மனுசங்க?"

"படிச்சாங்க ஐயா. ஆனா ரெண்டாவது கடுதாசி வந்ததே. 'மனம் மாறிவிட்டேன், என் முகத்தைப் போட்டுக்கொள்ளலாம்'னு. போட்டோவும் அதுலதான் இருந்தது. நல்ல பிரெஞ்சு. மதாம் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

"நான் எழுதல" என்றாள் ஆதிலட்சுமி. "அண்ணே, முதல் கடுதாசியை நீங்கதானே தபால்ல சேத்தீங்க..."

"என்னையா கேக்கற?" அவர் குரலில் கோபமில்லை, வலிதான் இருந்தது. "கையெழுத்துக்கே கட்டைவிரல உருட்டறவன் நான். நான் எங்கம்மா பிரெஞ்சு எழுதறது?"

கேட்டிருக்கக்கூடாது என்று அவளுக்கு உடனே தோன்றிவிட்டது.

நாகராஜன் கெட்டவர் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொல்ல வந்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்க உடுப்பைப் போட்டுக்கொண்டு அதிலா ஓவியங்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா, கோவிச்சுக்காதீங்க, இந்தப் படங்களைப் பாக்க யார் வருவாங்க? வர்றவங்களும் இதுல என்ன இருக்குன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க."

இதே கேள்வியைக் குருவிநத்தத்தில் கேட்டபோது அவளுக்கு வலித்ததில்லை. இப்போது வலித்தது.

"அப்ப எதுவும் போக வேணாம். வண்டி வெறும் வண்டியாவே போகட்டும்."

சொல்லிவிட்டாள். சொன்னதும் மூன்று வருஷ உழைப்பு நெஞ்சில் இறங்கி உட்கார்ந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் எண்ணம் அவளுக்கு இல்லை.

அப்போதுதான் ஜெயா மோர்ச் செம்போடு வந்தாள். ஈர நெல்லை மிதிக்காமல் ஓரமாக, ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை நேராக வைத்து நடந்து வந்தாள். நாகராஜன் செம்பை வாங்கவில்லை. கையிலிருந்த காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யாரு?"

"எம்மவ" என்றார் சிங்காரவேலு.

"அப்படியே அதே சாடை! அதே கழுத்து!" அவர் உற்சாகமாகி ஆதிலட்சுமி பக்கம் திரும்பினார். "மதாம், நீங்க சங்கடப்படவே வேணாம். இந்தப் பொண்ணு நின்னா போதும். பத்து வருஷத்துக்கு முந்தின அதிலான்னே..."

"வெளிய போய்யா!" சிங்காரவேலு பாய்ந்தார். நல்லவேளை, குறுக்கே காசம்மாள் முறத்தோடு நின்றாள்.

ஆதிலட்சுமி அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஜெயாவைத்தான் பார்த்தாள். இப்படி ஒரு பேச்சைக் கேட்ட ஊர்ப்பெண் தலையைக் குனிந்திருப்பாள், உள்ளே ஓடியிருப்பாள். ஜெயா அசையவில்லை. மோவாய் கொஞ்சம் தூக்கியிருந்தது. பார்வை நாகராஜனைத் தாண்டி எங்கோ இருந்தது.

அந்த நிற்பு தானாக வராது. துணிக்கடை மாடியில் மூன்று மாதம் தலையில் புத்தகத்தை வைத்து நடந்து ஆதிலட்சுமி கற்றுக்கொண்டது அது. அவள் ஜெயாவுக்கும் நாகராஜனுக்கும் நடுவே போய் நின்றாள்.

"நானே வர்றேன்" என்றாள்.

"ஆதி!"

"நான் நிக்கறேன் அண்ணே. என் மூஞ்சியைத்தான் சுவரெல்லாம் ஒட்டியாச்சே. இனிமே மறைச்சி என்ன ஆவப்போவுது?" நாகராஜன் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. இவ வரமாட்டா. இப்பிடி ஒரு பொண்ணு இருக்கான்னு மதாம் காதுல நீங்க போடவும் கூடாது. அந்தச் சத்தியத்தைச் செஞ்சா வண்டியில ஏத்துங்க."

நாகராஜன் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையசைத்தார்.

ஓவியங்களை நெல்லோடு, துணிக்கு நடுவே ஓலை கொடுத்துச் சுருட்டினார்கள். சிங்காரவேலு ஒவ்வொன்றையும் தானே தூக்கினார். "சாயம் மேலயா கீழயா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு வண்டியில் வைத்தார். காசம்மாள் முறத்திலிருந்த நெல்லை ஒரு கிழிசலில் முடிந்து அம்பாரத்தின் தலையில் செருகிவிட்டு வந்தாள்.

ஆதிலட்சுமி கொட்டகைக்குள் தனியாகப் போய்த் தகரப்பெட்டியைத் திறந்தாள்.

தங்க உடுப்பு மேலாகவே இருந்தது. அதை அவள் எப்போதும் அடியில்தான் வைப்பாள். மடிப்புக்கு நடுவே மெல்லிய தாள் கொடுத்து வைப்பாள். தாள் கசங்கிக் கிடந்தது. உடுப்பைத் தூக்கினாள். கீழ் ஓரம் ஈரமாக இருந்தது. கோத்திருந்த கண்ணாடி மணிகளுக்கு நடுவே ஒரு நெல்மணி சிக்கியிருந்தது.

இன்று காலையில்தான் இந்தத் தரையில் ஈர நெல்லைக் கொட்டினார்கள்.

பெட்டியின் மூலையில் இருந்த காகித உறையை எடுத்தாள். அதில் இரண்டு போட்டோ வைத்திருந்தாள். உறை காலி.

"அத்தே, எல்லாத்தையும் ஏத்தியாச்சு."

வாசலில் ஜெயா.

"உள்ள வா." ஆதிலட்சுமி உடுப்பின் ஓரத்தை நீட்டினாள். "எத்தினி நாளா இதைப் போட்டு நடக்கற?"

ஜெயா ஓரத்தில் சிக்கியிருந்த நெல்மணியை எடுத்துவிட்டாள்.

"ரெண்டாவது கடுதாசி நீ எழுதினதா?"

"நீ கத்துக்குடுத்த பிரெஞ்சுதானே அத்தே."

"ஏன்டி?"

"உனக்கு நல்லதுன்னுதான் செஞ்சேன்." ஜெயாவின் கண் நிறைந்துவிட்டது. "உன் படத்தை எல்லாரும் சிரிச்சிட்டுப் போறாங்க. உன் மூஞ்சி இருந்தா கிட்ட வருவாங்க, வந்தா படத்தையும் பாப்பாங்கன்னு நெனச்சேன். சத்தியமா அத்தே."

காலையிலிருந்து இரண்டாவது தடவை. நல்லதுக்கென்றே செய்தவர்களிடம் எப்படிக் கோபப்படுவது என்று ஆதிலட்சுமிக்குத் தெரியவில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொள்ளத்தான் தோன்றியது. அணைத்துக்கொண்டும் இருப்பாள். ஆனால் கையில் காலி உறை இருந்தது.

"ரெண்டு போட்டோ இருந்துச்சு. ஒண்ணு மதாம் கிட்ட போயிருக்கு. இன்னொண்ணு எங்க?"

ஜெயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தயங்கினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஒரு நீலக் கடித உறையை எடுத்தாள்.

"அதைக் கார்த்திகையிலயே பாரீசுக்கு அனுப்பிட்டேன். 'இவங்க அண்ணன் பொண்ணு நான். ரெண்டு பேருக்கும் ஒரே சாடை'ன்னு எழுதி." மோவாய் தாழவில்லை. "பதில் வந்து நாலு நாளாச்சு. பிரெஞ்சுக் கடுதாசின்னா உனக்குத்தான்னு நெனச்சி, உங்கிட்ட சேக்கச் சொல்லி தபால்காரர் என் கையில குடுத்தாரு."

வெளியே வண்டிக்காரன் மாட்டை அதட்டினான். "ஆதி, நேரமாவுது" என்று அண்ணன் கூப்பிட்டார்.

ஆதிலட்சுமி கையை நீட்டவில்லை. உறையின் மூலையில் அந்தத் துணிக்கடையின் பொன் முத்திரை இருந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வந்த முதல் கடிதத்திலும் அதே இடத்தில் அதே முத்திரைதான் இருந்தது.

"என்னை வரச் சொல்றாங்க அத்தே" என்றாள் ஜெயா.